சொந்தக்காரர்களிடம் சொல்லும் சம்பளம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கூலி வேலையில் கிடைத்தது. தையல் கம்பெனிகளில் நியாயமான சம்பளம் தருகிறார்களா என்று, சட்டை வாங்கும் பணக்கார நாட்டு நிறுவனம் ஒன்று ஆளனுப்பி விசாரித்தது. அந்த அறிக்கைக்குப் பிழை திருத்தியவன் நான். நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி: 'ஒரு தொழிலாளி தவறான தகவல் தந்தார், அவருடைய சொந்த அக்காவின் பேச்சே அதைப் பொய்யாக்கியது.'

அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'சூப்பர்வைசர் அவள் காதருகே குனிந்து, வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று உறும–'

வேண்டாம். வில்லன் வந்தால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. அவனை நாலு திட்டு திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

3

அக்காவுக்குக் கம்பெனியில் 'காலர்காரி' என்று பெயர். பதினோரு வருடமாகக் காலர் மட்டும் தைக்கிறாள்; முழுச் சட்டை ஒன்றுகூடத் தைத்ததில்லை. பக்கத்து மெஷினில் தங்கை. இரண்டு பேர் சம்பளமும் கைக்கும் வாய்க்குமே சரியாகப் போகிறது.

விசாரிக்க வந்த பெண் ஆறு பேரைத் தனித்தனியாக ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டாள். சம்பளம் குறைவு என்று தெரிந்தால் எல்லோருக்கும் ஏற்றித் தர ஏற்பாடு. காலர்காரிக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பெண் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பதினோரு வருடத்தில் அந்த அறையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

"உக்காருங்கக்கா. மாசம் கையில எவ்வளவு வருது?"

காலர்காரியின் வாயில் ஒரு தொகை தயாராக இருந்தது. கல்யாணமான நாள் முதல் மாமியாரிடமும் நாத்தனாரிடமும் சொல்லிவரும் தொகை. வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு. அதுவே வந்து விழுந்தது.

(நான் மட்டும் என்ன யோக்கியம்? இந்தப் பிழை திருத்தத்துக்கு எவ்வளவு தந்தார்கள் என்று மச்சான் கேட்டபோது இரண்டு மடங்காகச் சொன்னேன்.)

"வேற குறை ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கோம்."

மெஷினுக்குத் திரும்பி நான்கு காலர் தைத்த பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் மாற்றிச் சொல்லலாம். நாற்காலி போட்டவளிடம் போய், 'நான் பொய் சொன்னேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஐந்தாவது காலரை எடுத்தாள்.

4

தங்கை உள்ளதை உள்ளபடி சொன்னாள். மற்ற நான்கு பேரும் எதற்கு வம்பு என்று மழுப்பினார்கள். கம்பெனிப் பதிவேட்டில் ஏற்றி எழுதியிருந்த பொய்யும் அக்காவின் பெருமையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. தங்கையின் உண்மைக்குத்தான் துணை இல்லை. யாருக்கும் சம்பளம் ஏறவில்லை. பொய்த் தகவல் தந்தாள் என்று மறு வாரம் தங்கைக்கு வேலையும் போயிற்று.

5

முடிவு ஒன்று: காலர்காரி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு– நம்பர்? அதை யார் கொடுத்தார்கள்?

முடிவு இரண்டு: அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரே குரலில்– எழுத ஆசைதான். ஆனால் அறிக்கையைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். காசும் வாங்கிவிட்டேன். இந்தக் கையால் அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஒரு வாடகை அறையில் வந்து நிற்கிறேன். அக்காவும் தங்கையும் துவைத்த துணியை மடிக்கிறார்கள்.

"எவளோ ஒருத்தி மாத்திச் சொல்லியிருக்காக்கா. யாருன்னு சொல்லமாட்டேங்கறாங்க. அவ நல்லாவே இருக்க மாட்டா."

அக்கா மடித்ததையே பிரித்து மடிக்கிறாள்.

"உன்னையும் கூப்பிட்டாங்கல்ல? நீ உண்மையத்தான் சொல்லியிருப்ப, எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் வாயால கேக்கணும். என்னக்கா சொன்ன?"

இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அக்காவுக்குத் தங்கை இல்லாமல் போகிறாள். இன்னொன்றில் அக்கா ஆயுசுக்கும் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இரண்டிலும் சம்பளம் அதேதான்.

என்னால் முடியவில்லை. தங்கை கேட்டுவிட்டு நிற்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.