எட்டாவது இடத்துக்கு இரண்டு பெயர்

எட்டாவது இடத்துக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. றிக்சன் முதலில் அதைத் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தான். இரசாயனவியல் திணைக்களத்தின் அறிவித்தல் பலகைக்கும் தட்டச்சுப் பிழைக்கும் நீண்டகால உறவு உண்டு. போன மாதம் 'ஆய்வுகூடத்துக்குள் உணவருந்துதல் கட்டாயம்' என்று ஒரு கடதாசி ஒரு கிழமை முழுக்கத் தொங்கியது. யாரும் கழற்றவில்லை. கீழ்ப்படிவுள்ள சிலர் சோற்றுப் பார்சலோடு போய்க் கீழ்ப்படிந்தும் விட்டார்கள். ஆனால் இந்தக் கடதாசியின் அடியில் திணைக்களத் தலைவர் தவராசாவின் கையெழுத்து இருந்தது. விசேட பட்டத்துக்குத் தெரிவானவர்கள் எட்டுப்பேர். ஏழு பேருக்கு ஏழு வரிகள். எட்டாவது வரியில் நஸ்ரின், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு றிக்சன்.

பொதுப் பட்டத்துக்கு ஏற்கெனவே மனத்தைத் தேற்றிக்கொண்ட றொமேஷ் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"மச்சான், அது வகுத்தல் குறி. அவளை உன்னால வகுக்கப்போறாங்கள். மிச்சம் ஏதும் வந்தாச் சொல்லு."

இரண்டாம் வருஷ முடிவில் இரசாயனம் படிக்கிற பிள்ளைக்கு முன்னால் கம்பஸ் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று பொதுப் பட்டம். மூன்று வருஷம், மூன்று பாடம், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். மற்றது விசேட பட்டம். நான்கு வருஷம், இரசாயனம் மட்டும், கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு. எந்த வழிக்கு எது முன்தேவை, எந்தப் பாடத்தில் 'பி' எடுக்காவிட்டால் எந்தப் பாடத்தைத் தொடமுடியாது என்பதையெல்லாம் அறுபத்திரண்டு பக்கக் கைநூல் ஒன்று விளக்குகிறது. கட்டாயமாகப் படிக்கவேண்டிய, ஆனால் புள்ளி சேர்க்கப்படாத பாடம் ஒன்றும் அதில் உண்டு. அது எதற்காக என்று மட்டும் கைநூல் சொல்லவில்லை. றிக்சன் அந்தப் புத்தகத்தைப் பைபிளைவிட அதிகம் வாசித்திருந்தான். அவனுக்கு அந்த நான்காம் வருஷ ஆய்வு வேண்டும். கப்பல்களை இழுக்கும் அப்பாவின் ரக் போட் கட்டுகிற ஜெற்றியடியில் சேறு எடுத்து, படகுகளின் அடிப்பாகத்தில் பூசும் பெயின்ரிலிருந்து துறைமுகத்துக்குள் எவ்வளவு செம்பு இறங்குகிறது என்று அளக்கவேண்டும். தலைப்புக்கூட எழுதிவைத்திருந்தான். அந்த ஆய்வில் அவனுக்குப் பிடித்த விஷயம் வேறொன்றும் இருந்தது. இயந்திரம் இலக்கமாகத்தான் பதில் சொல்லும்.

தவராசா சேரின் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். நஸ்ரின் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்த களையோடு, பையைக் கழற்றாமல் நின்றாள். சேர் கைநூலைத் திறந்து, சவவீட்டில் செபம் சொல்வதுபோல வாசித்தார். சமநிலை ஏற்படின் இரண்டாம் வருஷச் செய்முறைப் பாடத்தில் பெற்ற புள்ளி கருத்திற்கொள்ளப்படும். கோப்பைத் திறந்தார். எழுபத்தெட்டு. பக்கத்தைப் புரட்டினார். எழுபத்தெட்டு.

"நீங்கள் ரெண்டுபேரும் லாப்பில ஒரு சோடியோ?"

"ஓம் சேர்."

"அப்ப ஒரே ரீடிங், ஒரே மாக்ஸ். சரிதான்." கண்ணாடியைக் கழற்றிச் சேட் நுனியால் துடைத்தார். "புதன்கிழமை ஒன்பது மணிக்கு வாங்கோ. தனித்தனியா ஒரு டைற்றேஷன். ரெண்டுபேருக்கும் ஒரே கரைசல். சரியான பெறுமானத்துக்கு ஆர் கிட்ட வருகினமோ அவைதான் எட்டாவது."

"என்ன இன்டிகேற்றர் சேர்?" றிக்சன் தன் குரல் சாதாரணமாக வந்ததில் கொஞ்சம் பெருமைப்பட்டான்.

"மெதைல் ஒரேஞ். ஏலெவல் பிள்ளையளும் கண்ணை மூடிக்கொண்டு செய்யிறதுதானே."

மெதைல் ஒரேஞ் காரத்தில் மஞ்சளாக இருக்கும். மேலேயிருந்து பியூரெட் என்ற அளவுக் குழாய் வழியாக அமிலம் துளித் துளியாக விழ, சரியான இடம் வந்ததும் ஒரே துளியில் செம்மஞ்சளுக்கு மாறும். அந்தத் துளியில் திருகை மூடவேண்டும். உலகம் இதை இப்படித்தான் வர்ணிக்கிறது. றிக்சனுக்கு அது கஞ்சித் தண்ணீர், பிறகு கொஞ்சம் பழைய கஞ்சித் தண்ணீர். ஒன்பது வயதில் அப்பா கிறிஸ்தோபர் அவனை ரக் போட்டில் ஏற்றிக்கொண்டு போன ஒரு பொழுதுபட்ட நேரத்தில், வாய்க்கால் மிதவையைக் காட்டி "அது என்ன லைற்றடா?" என்று கேட்டார். அவன் பச்சை என்றான். அது சிவப்பு. "பிராக்குப் பாக்கிறான்," என்று, கவனமில்லாமல் சொல்கிறான் என நினைத்து அப்பா சிரித்தார். அன்றிலிருந்து அவன் நிறங்களை இடத்தை வைத்துப் பாடமாக்கினான். சந்தி விளக்கில் மேலே இருப்பது சிவப்பு. துறைமுகத்துக்குள் வரும்போது எந்தக் கைப்பக்கம் எது என்று ஒரு கணக்கு. உயர்தரத்தில் நியமிப்புப் பரிசோதனை, அதாவது இந்த டைற்றேஷன், கேள்வியாகத்தான் வந்தது. 'மஞ்சளிலிருந்து செம்மஞ்சள்' என்று எழுதினால் புள்ளி, பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. கம்பஸின் முதல் செய்முறையில், சுட்டெண் வரிசைப்படி அவனுக்குச் சோடியாக வந்த நஸ்ரின்தான் கேட்டாள். முடிவுப் புள்ளியைத் தாண்டி அவன் நான்கு மில்லிலீற்றர் ஊற்றிவிட்டு இன்னும் ஊற்றிக்கொண்டு நின்றான். "ஒனக்கு வெளங்கல்லயா?" என்றாள். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. திருகில் அவன் கை, குடுவையில் அவள் கண். முடிவுப் புள்ளி வந்ததும் அவள் பேனையால் மேசையில் இரண்டு தரம் தட்டுவாள். அவன் மூடுவான். கணக்கு அவனுடையது. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. எழுபத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை கன்ரீனில் நஸ்ரினே வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"சேர்கிட்டச் செல்லு. பீஎச் மீற்றர் கேள். அதால செய்தா நிறம் பாக்கத் தேவல்ல."

"மீற்றர் ஏனெண்டு கேப்பார்."

"ஏனெண்டு செல்லு."

"பதினாலாம் பக்கம் வாசிச்சனியோ?" அவனுக்கு மனப்பாடம். "விசேட கற்கைக்குத் தெரிவாகும் மாணவர் நிறப்பார்வைக் குறைபாடு அற்றவராயிருத்தல் விரும்பத்தக்கது."

"விரும்பத்தக்கது எண்டுதானே போட்டிரிக்கி. கட்டாயம் எண்டு போடல்லயே."

"அடுத்த கேள்வி அந்த எழுபத்தெட்டு ஆற்ற கண்ணால வந்ததெண்டு வரும். அதுக்கு என்ன சொல்லுறது?"

அவள் பிளேன்ரீயைக் கலக்கினாள். சீனி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. றிக்சனுக்கு ஒரு யோசனை இருந்தது. அவள் வீட்டில் ஏதாவது துயரம் இருந்தால் நல்லது. பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து பொதுப் பட்டத்துக்குப் போய்விடலாம்.

"உனக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ? மூண்டு வருஷத்தோட நிப்பாட்டிக் கலியாணம் கிலியாணம்..."

"ஒரு பிரச்சினையும் இல்ல. நீ எதப் படிச்சாலும் சந்தோஷம் எண்டு வாப்பா செல்லிட்டார்." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "எனக்குக் கெமிஸ்ட்ரி விருப்பம். அதுக்குப் பிரச்சின வேணுமா?"

"இல்லை."

"அப்ப நாளைக்கி என்ட பக்கம் பாக்காத றிக்சன். நான் என்ட வேலயத்தான் பாப்பன்." பையைத் தோளில் போட்டாள். இரண்டு அடி போய்த் திரும்பினாள். "மீற்றர் கேள்," என்றாள் மறுபடியும், கோபமாக.

புதன் காலையில் அம்மா றீற்றா அவனுக்கு இரண்டு முட்டை பொரித்தாள். ஒரு முட்டை சாதாரண நாளுக்கு. மகன் விசேட பட்டத்துக்குத் தெரிவாகிவிட்டான் என்று அவள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோவில் வாசலில் பாதிப்பேருக்குச் சொல்லிவிட்டாள். மிச்சப் பாதிக்கு அந்தப் பாதி சொல்லியிருக்கும். பட்டியல் திங்கட்கிழமைதான் வந்தது என்பது அவளுக்குச் சின்ன விஷயம்.

"மூண்டு வருஷத்தில முடிச்சா என்ன குறைஞ்சு போகும்?" கிறிஸ்தோபர் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டே கேட்டார். இதை அவர் ஒரு கிழமையாகக் கேட்கிறார். பிறகு, சமாதானத்துக்குப் போல, "இண்டைக்கு என்ன சோதினை?" என்றார்.

"நிறம் மாறேக்க நிப்பாட்டோணும். அவ்வளவுதான்."

"அது லேசான வேலைதானே."

இருபத்தாறு வருஷமாகச் சிவப்பையும் பச்சையையும் நம்பிக் கப்பல்களை உள்ளே இழுத்துவந்த மனிதர் அதைச் சொன்னார். தனக்கு நிறம் தெரியாது என்பது றிக்சனின் வாய் வரைக்கும் வந்தது. முட்டையோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஜமால்தீன் நாநா ஒரே மேசையில் இரண்டு பியூரெட்டுகளை நிறுத்தி, இடையில் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார். இரண்டின் கீழும் வெள்ளை ஓடு. சேர் முன்மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "மூண்டு ரீடிங் எடுக்கோணும். கதை பேச்சு வேண்டாம்," என்றார். திறந்த ஜன்னலால் உப்புக் காற்று வந்தது. தூரத்தில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது. றிக்சன் குடுவையில் மூன்று துளி மெதைல் ஒரேஞ் விட்டான். திருகைத் திறந்தான்.

இருபது வரைக்கும் பயமில்லை. இருபத்தொன்றில் வேகத்தைக் குறைத்தான். இருபத்திரண்டில் குடுவையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். கஞ்சித் தண்ணீர். இருபத்துமூன்று. பழசாகிவிட்டதா? இல்லை. ஆகியிருக்கலாம். இருபத்துமூன்றரை தாண்டி இரண்டு, நாலு, எட்டுத் துளி. அப்போது அவனுக்கு வலப்பக்கத்தில் நஸ்ரினின் பேனை மேசையில் தட்டியது. இரண்டு தரம்.

கை தானாக மூடிக்கொண்டது. இரண்டு வருஷத்துப் பழக்கம், அவனைக் கேட்கவில்லை. அளவைப் பார்த்தான். 23.90. பக்கத்தில் பார்க்கவில்லை. அவள் யோசிக்கும்போதும் பேனையால் தட்டுவாள். தன் அளவீட்டை எழுதிவிட்டு யோசித்திருப்பாள். அப்படியும் இருக்கலாம்.

அதைப் பரிசோதிக்க ஒரு வழிதான் உண்டு. திரும்பச் செய்வது. குடுவையைக் கழுவி, புதிதாகக் கரைசல் எடுத்து, இரண்டாவது தரம் திறந்தான். இந்தமுறை குடுவையை அவன் பார்ப்பதாகப் பாவனை மட்டும் செய்தான். காது முழுக்க வலப்பக்கம் இருந்தது. இருபத்துமூன்றரை. அறுபது. எழுபது. எண்பது. தட், தட்.

23.85.

"ஆர் அது பேனையால தட்டுறது?" சேர் தலையை நிமிர்த்தினார்.

"நான்தான் சேர்," என்றாள் நஸ்ரின். "பழக்கம்."

சேர் அவளைப் பார்த்தார். பிறகு றிக்சனை, அவனுடைய பியூரெட்டை, மறுபடி அவளை. "பேனையைக் கீழ வையும் பிள்ளை," என்றார். விடைத்தாளை அவர் மறுபடி எடுக்கவில்லை. நஸ்ரின் பேனையை மேசையில் கிடத்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மூன்று அளவீட்டையும் எடுத்து முடித்துவிட்டாள் என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

மூன்றாவது அளவீடு இனி வெறும் சடங்குதான். 23.85 இல் மூடினால் போதும். கம்பஸ் தொடங்கிய நாளிலிருந்து மூன்றாவது அளவீட்டை எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். றிக்சன் திருகைத் திறந்து, அமிலம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் வருஷத்து முதல் விரிவுரையில் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, அதன் ஒரு ஓரத்தில் ஐந்து அம்புகளை ஒன்றாகக் குத்திக் காட்டினார்கள். ஐந்தும் ஒரே இடத்தில் குத்தியிருக்கின்றன என்பதற்காக அது நடுப்புள்ளி ஆகிவிடாது. அவள் ஒவ்வொரு தரமும் அரை மில்லிலீற்றர் பிந்தித் தட்டியிருந்தால் அவனுடைய அளவீடுகள் அழகாக ஒத்துப்போகும், அழகாகப் பிழையாகும். நஸ்ரின் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. அப்படி இல்லாமல், அவள் உண்மையாகவே தட்டியிருந்தால்? கரைசல் ஒன்று. கண்ணும் ஒன்று. இருவருக்கும் ஒரே விடை, மறுபடி சமநிலை, மறுபடி ஒரு சாய்கோடு, திணைக்களம் இன்னொரு புதன்கிழமை தேடவேண்டும். பொய்யென்றால் அவன் தோற்றான். மெய்யென்றால் அவள் தன்னோடு தானே போட்டிபோட்டுக்கொண்டு இருக்கிறாள். இரண்டு கணக்கையும் எத்தனை தரம் போட்டாலும் அவனுடைய பெயர் எங்கேயும் வரவில்லை.

23.60 இல் திருகை நெருக்கினான். சேர் கதிரையில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தில் சத்தமே இல்லை. அங்கே ஒரு ஆள் இருப்பதற்கான சத்தம்கூட இல்லை. 23.80. குடுவைக்குள் கஞ்சித் தண்ணீர்.

றிக்சன் திருகிலிருந்து கையை எடுத்தான். அந்தக் கையையே உயர்த்தினான்.

"சேர்."

"என்ன?"

"ஒரு விஷயம் சொல்லோணும். கிட்ட வாங்கோ சேர்."

கதிரை பின்னால் உரசி நகர்ந்தது. தவராசா சேரின் செருப்புச் சத்தம் மேசைகளுக்கு இடையால் அவசரமில்லாமல் வந்தது. திருகு முழுக்க மூடப்படவில்லை. பியூரெட்டின் நுனியில் ஒரு துளி ஊறி, உருண்டு, கனத்துத் தொங்கியது. றிக்சனும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அது விழுந்தது. 23.85.

பக்கத்தில் நஸ்ரின், குடுவையைப் பார்த்தபடி, மூச்சை உள்ளே இழுத்தாள்.