லீதியாவுக்காக வாசித்தவள்

எல்லோரும் 'சிஞ்ஞோரா' (அம்மையார்) என்று அழைக்கும் செலஸ்ரீனாவுக்கு எண்பத்துநாலு வயது. இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில், கடலைப் பார்த்த பழைய வீடொன்றில் தனியாக இருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த குகனேஸ்வரி அங்கே பல வருடங்களாக வீட்டு வேலை செய்கிறார். ஒருநாள் வேலை முடிந்து வந்ததும், பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி படிக்கும் மகள் கேசிகாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்கு என்னோட வா. சிஞ்ஞோராவுக்கு உன்னட்டை ஒரு உதவி வேணுமாம்."

"எனக்குச் சோதனை வருதம்மா."

"இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ அனுமதி கிடைக்காமல் நாங்கள் அலைஞ்ச நேரம், குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்கு எங்களோட வந்து எங்களுக்காகச் சண்டை பிடிச்ச மனுசி அவ. மாட்டன் எண்டு சொல்லாதை."

கேசிகா போனாள். சிஞ்ஞோரா ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். கறுத்த உடுப்பின் மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிய பள்ளிக்கூடப் பெண்கள். நடுவில் நின்ற மெலிந்த பெண்தான் சிஞ்ஞோராவின் பாட்டி லீதியா. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு கப்பலேறி வந்து, பலெர்மோவில் பிரெஞ்சு கற்பித்தே பிள்ளைகளை வளர்த்தவர். ஆனால் போன ஈஸ்டர் விருந்தில் சிஞ்ஞோராவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், "பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்தையும் கண்டதில்லை, எல்லாம் அளந்த கதை" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார்.

"அவன் சிரித்தது இன்னும் என் காதில் கேட்கிறது, மகளே," என்றார் சிஞ்ஞோரா. "பாட்டி படித்தாரா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடித்துச் சொல்."

படத்தின் பின்னால் பழைய ரஷ்ய எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: திஃப்லிஸ். இன்று ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி. அன்று ரஷ்யப் பேரரசின் நகரம். கேசிகா அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதினாள். லீதியாவின் பெயரில் எதுவும் அகப்படவில்லை என்று பதில் வந்தது. பிறகு, திபிலிசியின் பழைய படங்களைப் பகிரும் பேஸ்புக் குழு ஒன்றில் புகைப்படத்தைப் போட்டாள். பலர் இதயக்குறி போட்டார்கள். விபரம் சொல்ல ஒருவரும் இல்லை.

சோதனை முடிந்த வாரம் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் நீனோ, திபிலிசியில் பல் வைத்தியர். "இதே படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. லீதியாவின் தோளைப் பிடித்து நிற்பவர் என் பாட்டி தமாரா."

சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்தே வீடியோவில் அழைத்தார்கள். நீனோ ரஷ்ய மொழியில் சொல்லச் சொல்ல, கேசிகா இத்தாலியனில் சொன்னாள்.

லீதியாவும் தமாராவும் பெண்கள் பள்ளியில் ஒரே வகுப்பு. ஒரு குளிர்காலத்தில் லீதியாவுக்கு அம்மை கண்டு பார்வை மங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்றார் வைத்தியர். பள்ளி அவளை வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தமாரா நேரே தலைமையாசிரியையிடம் போய், "நான் வாசிக்கிறேன். அவள் கேட்டுப் படிப்பாள்" என்று நின்றாள். அந்த வருடம் முழுவதும் பிரெஞ்சு உட்பட ஒவ்வொரு பாடத்தையும் அவளுக்காக உரக்க வாசித்தாள். சோதனையில் லீதியா எல்லாவற்றுக்கும் வாயாலேயே பதில் சொல்லித் தேறினாள். அதற்கடுத்த வருடம், பார்வை ஓரளவு திரும்பிய பின், எடுத்த படம் இது.

சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்தார். "ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பாட்டி எனக்குக் கதை வாசிப்பார். விளையாட்டு என்று நினைத்தேன்." பிறகு திரையை நெருங்கிக் குனிந்தார். "உங்கள் பாட்டி வாசித்த பிரெஞ்சில்தான் என் அம்மா சாப்பிட்டார், பள்ளிக்குப் போனார். நன்றி சொல்ல அவர் இல்லையே. உங்களிடம் சொல்கிறேன்."



"எங்கள் பாட்டி சாகும்வரை ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்," என்றார் நீனோ. "லீதியா ஏறிய கப்பல் கரை சேர்ந்ததா?"

கேசிகா அதை மொழிபெயர்த்ததும் சிஞ்ஞோரா கைத்தடியை ஊன்றி எழுந்தார். குகனேஸ்வரி ஓடி வந்து தாங்கிக்கொண்டார். சிஞ்ஞோரா போனை வாங்கி யன்னலுக்கு வெளியே துறைமுகத்தை நோக்கிப் பிடித்தார். "சேர்ந்தது. இஞ்சைதான் இறங்கினார் என்று சொல்லு."

கேசிகா சிரித்துவிட்டாள். குகனேஸ்வரியிடம் கேட்டுப் பழகிய 'இஞ்சை'யை, 'இங்கே' என்பதை, சிஞ்ஞோரா தமிழிலேயே சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறே, ஈஸ்டரில் சிரித்த அண்ணன் வந்தார். கதையைக் கேட்டுத் தலையைக் குனிந்தவர், போகும்போது படத்துக்கு ஒரு பிரதி கேட்டார். சிஞ்ஞோரா மறுக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் குகனேஸ்வரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரஷ்யன் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய் எண்டு உன்னை ஏசினனான். இனி ஏசமாட்டன்."

"ஓம், பாப்பம்," என்றாள் கேசிகா.