எத்திராஜ் பிரித்த துப்பாக்கி

எத்திராஜுக்குக் கை சும்மா இருக்காது. அதுதான் அவன் தலையெழுத்து. தண்டையார்பேட்டைப் பட்டறையில் துறைமுகத்துக் கப்பிகளையும் சங்கிலிகளையும் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர். துப்பாக்கி என்கிற வஸ்துவை அன்றைக்கு முன்னால் தொட்டதுகூடக் கிடையாது. சத்தியமாகக் கிடையாது. ஆனால் இதைப் போய்ப் போலீஸ்காரரிடம் சொன்னால் எடுபடுமா?

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம். செங்கொடிக் கட்சிக்காரர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளை உடைத்து இரும்பாக்கச் சொல்லி உத்தரவாம். சப்-இன்ஸ்பெக்டர் சுப்பராயன் ஒரு மாட்டுவண்டி நிறைய ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். முதலாளி மற்ற ஆட்களை அனுப்பிவிட்டு, எத்திராஜை மட்டும் சம்மட்டியோடு உள்ளே விட்டு, தானும் மெல்ல நழுவினார். தகரக் கதவைச் சாத்தி வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். உள்ளே அனல் தாங்கவில்லை.

வண்டியில் வந்ததெல்லாம் துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கிகள். கம்பி போட்டுக் கட்டினது, ஆணி அடித்து ஒட்டினது. மனக்கஷ்டமே இல்லாமல் உடைத்துத் தள்ளினான். கடைசியில் ஒன்று கையில் வந்தது. ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரன் எவனோ துறைமுகத்துக் கிடங்கில் போட்டுவிட்டுப் போனதாம். சுப்பராயன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். நாசமாய்ப் போக, அந்த நேரம் பார்த்துத்தானா போக வேண்டும்?

அடியில் வளையம் மாதிரி ஒரு பிடி. அதைக் கீழே தள்ளினான். குழலின் பின்வாயை அடைத்திருந்த இரும்புக் கட்டி அப்படியே நேராக உள்ளே இறங்கியது. ஒரே ஒரு தோட்டா வைத்துப் பிடியை மேலேற்றினால் கட்டி எழும்பி அடைத்துக்கொள்ளும். ஒரு வேட்டுக்கு ஒரு தோட்டா, தப்பினால் தப்பினதுதான். கட்டிக்கும் அது இறங்கின இரும்புக் கூட்டுக்கும் நடுவே நகத்தை ஓட்டிப் பார்த்தான். இணைப்பு எங்கே என்று நகத்துக்குத் தட்டுப்படவில்லை. திருகாணித் தலைகளில் திருப்புளி நுழைகிற கீறல்கள் ஒன்று பாக்கியில்லாமல் குழலின் போக்கிலேயே நீளவாட்டில் நின்றன. எந்த மடையன் இவ்வளவு மெனக்கெடுவான்? எத்திராஜுக்கு முன்பின் பார்த்திராத அந்த வேலைக்காரன்மேல் பொறாமையும் பிரியமும் ஒன்றாக வந்தன.

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியுமா? பக்கவாட்டு இரும்புக் குச்சியைத் தட்டி உருவினான். பிடி வந்தது, கட்டி வந்தது, வில் வந்தது. யார் கண்ணும் படாத உட்புறத்தில்கூட அரம் ஓடின தடம் இல்லை. எடுத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் கோணிமேல் பரப்பிவிட்டு, வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

சுப்பராயன் திரும்பி வந்து அந்த வரிசையைப் பார்த்தார். போன வாரம் நெட்டுக்குப்பத்துப் படகு ஒன்றில் புதிதாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி அகப்பட்டிருந்தது. செய்தவன் அகப்படவில்லை. அவனைப் பிடித்தால் அவருக்குப் பதவி உயர்வு, பிடிக்காவிட்டால் மேலிடத்தில் வசவு. இங்கே என்னடாவென்றால், ஒருத்தன் சீமைத் துப்பாக்கியைத் தேங்காய் உரிக்கிற மாதிரி உரித்து வைத்திருக்கிறான்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று நிதானமாகக் கேட்டார்.

"பாத்தேன் சார். பாத்தா தெர்து."

உண்மையைத்தான் சொன்னான். அதைவிட மோசமான பதில் உலகத்தில் இல்லை. கான்ஸ்டபிள் உள்ளே வந்து விலங்கை எடுத்தான். ஜெயிலுக்குள்ளே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த வருஷம் யாருக்கும் தெரியாது. எத்திராஜுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

அப்போது பார்த்து அவன் பெண்டாட்டி பவுனம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். விஷயத்தைச் சுப்பராயனே சொன்னார். உன் புருஷன் துப்பாக்கி செய்கிற ஆள், தெரியுமா என்றார். அவள் விலங்கைப் பார்த்தாள், கோணியைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"இவுரா? நல்லா சொன்னீங்க சாமி. பொட்டிப் பூட்டத் தொறந்தாரு, இன்னிக்கும் கயிறு கட்டித்தான் வச்சிகினுகீறேன். தையல் மிசின பிரிச்சாரு, வித்துட்டோம். பிரிக்கத்தான் தெரியும் இந்த ஆளுக்கு, மாட்டத் தெரியாது."

அந்தப் பூட்டின் வில் துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. அதற்கு அவன் என்ன செய்வான்? அது போகட்டும். சுப்பராயன் சிரிக்கவில்லை.

"சரி, மாட்டு. மாட்டிட்டேன்னா ஸ்டேஷனுக்கு நட. மாட்டத் தெரியலேன்னா வீட்டுக்குப் போ."

எத்திராஜ் கோணியருகே மண்டியிட்டான். கை தானாகவே வில்லை எடுத்து அதன் இடத்தில் வைத்தது, கட்டியை அடியிலிருந்து ஏற்றியது. அது பாதி வழி வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னும் ஒரு தள்ளு, ஒரு குச்சி, அவ்வளவுதான். அது மூடிக்கொள்வதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. சுப்பராயன் குனிந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டியை வெளியே இழுத்தான். தலைகீழாகத் திருப்பினான். வில்லையும் எடுத்து மாற்றி வைத்தான்.

"பூர மாட்டேன்னுது சார்."

"அழுத்து."

இந்தப் பக்கமாக அழுத்தினால் வில் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். வில் இரண்டாக ஒடிந்து ஒரு துண்டு மண்ணில் விழுந்தது. தன் விரலையே ஒடித்துக்கொண்ட மாதிரி வலித்தது அவனுக்கு. சுப்பராயன் இப்போது வயிறு குலுங்கச் சிரித்தார், கான்ஸ்டபிளும் சிரித்தான். முட்டாப் பயலே, சம்மட்டியை எடுத்து மிச்சத்தையும் உடைத்துப் போடு என்றார். எடுத்தான், உடைத்தான்.

வண்டி போன பிறகு பவுனம்மாள் அவன் முன்னால் சோற்றைப் பிசைந்து வைத்தாள். என்ன சாமர்த்தியமாகப் பேசிக் காப்பாற்றினாள் என்று அவன் மனசுக்குள் மெச்சிக்கொண்டான். அதைச் சொல்ல வாயெடுத்தான்.

அவள் முந்திக்கொண்டாள். "எல்லாம் அந்த ஆத்தா புண்ணியம்யா. நெசமாவே உனுக்கு மாட்டத் தெரிஞ்சிருந்தா இன்னாத்துக்கு ஆவறது?"

எத்திராஜ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விளையாடவில்லை. இத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இனிமேலும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், தெருவெல்லாம் அப்படியே சொல்லவும் வேண்டும்.

"ஆமா பவுனு" என்று சோற்றை அள்ளினான்.