இடுப்பில் மாட்டிய பேஜர்

அருங்காட்சியகத்தின் இரண்டாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புப் பேஜர் இருந்தது. அதைப் பார்த்ததும், அண்ணனோடு வந்திருந்த தங்கைக்குக் கால் நகரவில்லை. செல்போன் பரவாத காலத்தில் பேஜர் கம்பெனியில் ஐந்து வருடம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். கூப்பிடுகிறவர்கள் சொல்லும் செய்தியைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து அனுப்புவதுதான் வேலை.

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மியூசியம்னா ராஜாவோட வாள் இருக்கணும். இதைப் பழைய சாமான்காரன்கூட எடுக்க மாட்டான்."

"வாளை ராஜா ஒருத்தர்தான் புடிச்சாரு. இதை ஊர்ல பாதிப் பேர் இடுப்புல மாட்டிக்கிட்டு அலைஞ்சாங்க. நீயுந்தான்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த இளம்பெண் காப்பாளர் திரும்பினாள். "எங்ககிட்ட பொருள்தாம்மா இருக்கு. அதுல என்னென்ன வரும்னு சொல்ல ஆளில்ல."

தங்கைக்கு மடை திறந்ததுபோல் ஆயிற்று. "நான் பேசினது தப்புதான்னு போடுங்க" என்பாளாம் ஒரு மனைவி. உடனே, "வேண்டாம், சாப்பிட வாங்கன்னு மட்டும் போடுங்க." ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெரியவர் ஒருவர், 'பெண் குழந்தை, இருவரும் நலம்' என்பதை மூன்று முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாராம்.

"சாருக்கும் நெறைய வருமா?" என்றாள் காப்பாளர்.

அண்ணன் நிமிர்ந்தார். "அப்ப நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாலு பேரோட நிக்கிறப்பதான் அடிக்கும். 'பெரிய வேலை இருக்கு, மறுபடியும் கூப்பிடறேன்'னு ஒரு ஆள். பேரே சொல்ல மாட்டான்."

தங்கை பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "அது நான்தாண்ணா."

அண்ணன் பேஜர் வாங்கிய புதிதில் இரண்டு வாரம் அது மூச்சே விடவில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது அதைக் கழற்றிக் குலுக்கிப் பார்ப்பார், பேட்டரியை மாற்றிப் போடுவார். அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் கடைத்தெருவில் நண்பர்களோடு நிற்கும் நேரம் தெரியும். அந்த நேரம் பார்த்து அனுப்பினாள். ஒரு வருடம் ஓடியது. பிறகு சூப்பர்வைசர் கையும் களவுமாகப் பிடித்து, சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். நிறுத்திவிட்டாள்.

அண்ணன் குனிந்து பெட்டிக்குள் இருந்த பேஜரைப் பார்த்தார்.

"அந்த ஆளு வேற மெக்கானிக்கைப் புடிச்சிட்டான்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "நான் ஏதோ சரியா நடந்துக்கலைன்னு ரொம்ப நாள் மனசுக்குள்ள இருந்துச்சு."

"சொல்லியிருக்கணும். சொன்னா நீ பேஜரைத் தூக்கிப் போட்டுடுவேன்னு பயந்தேன்."

"போட்டுத்தான் இருப்பேன்."

காப்பாளர் தயங்கிக் கேட்டாள். "இதை எழுதி வைக்கலாமா சார்?"

"மெஷின் குப்பைதான். அதுல மாத்தமில்ல" என்றார் அவர். "எழுதிக்குங்க. பேரு மட்டும் வேண்டாம். ஒரு மெக்கானிக்குக்கு அவன் தங்கச்சி அனுப்பினதுன்னு போடுங்க."

படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள். அவர் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு படி முன்னால் இறங்கினார்.