அவர் ஓதிக்கொண்டிருக்கிறார்

என் வீட்டுக்காரர் ஓர் ஆரம்ப சூரர். நடைப்பயிற்சி என்று ஒருமுறை கிளம்பினார். அதற்கென்று வாங்கிய ஷூ இன்றைக்கும் புதுசாக இருக்கிறது, மழை நாளில் குப்பை கொட்டப் போக நான்தான் போட்டுக்கொள்கிறேன். சர்க்கரையை விடுகிறேன் என்றார். இனிப்பில்லாத டீயை நாங்கள் குடித்தோம், அவர் வேலை செய்யும் இடத்துக் கேன்டீனில் கேக் தின்றார். ஆகவே, பள்ளிவாசலில் ஹஜ்ரத்தின் பயான் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்து, இனிமேல் தினமும் காலையும் மாலையும் அல்லாஹ்வை நினைந்து திக்ரு ஓதப்போவதாக அவர் அறிவித்தபோது, நான் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

ஹஜ்ரத் சொன்னது நல்ல விஷயம்தான். சிறிய அமலாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் அல்லாஹ்வுக்குப் பிரியமானது. சுபுஹு தொழுத இடத்தை விட்டு எழுந்திரிக்காமல் காலையில் கொஞ்சம், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேறு வேலையில் இறங்கும் முன்னால் கொஞ்சம் ஓதுங்கள், தொழுகையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் பழக்கம் தானாக நிற்கும் என்றிருக்கிறார். அமைதியான இடமாகப் பார்த்து உட்காருங்கள் என்றும் சொன்னாராம். என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த அமைதியான இடம், ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போகும் வழி. நாங்கள் சோபாவைச் சுற்றிக்கொண்டு போனோம். மிக்ஸி போடக் கூடாது, குழாயை வேகமாகத் திறக்கக் கூடாது, முக்கியமாக அவரிடம் பேசக் கூடாது. பேசினால் கண்ணை மூடிக்கொள்வார், உதடு இன்னும் வேகமாக அசையும்.

ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். தாங்கியது. பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக்குழிக்குள் கிரீஸும் வியர்வையுமாக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செருப்பு கோணலாகக் கிடப்பதற்குக்கூடச் சண்டை போடுகிற மனுஷர். திக்ரு ஆரம்பித்த பிறகு செருப்பைத் தானே நேராக வைத்தார். இவருக்கே இப்படியென்றால் ஊருக்கே சிபாரிசு செய்யலாம் என்று தோன்றியது.

அப்புறம்தான் திக்ரு நீள ஆரம்பித்தது.

முதலில் குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸி, குல் சூராக்கள், அப்புறம் சில துஆக்கள் என்று ஒரு டீ ஆறும் நேரத்தில் முடிந்துகொண்டிருந்தது. பிறகு வேலைக்குப் புறப்படும் நிமிஷம் வரைக்கும் போனது. மாலையில் அஸருக்கு உட்கார்ந்தவர் பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் எழுந்தார், மஃரிபு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தார். கேள்விப்பட்டுப் பள்ளிவாசலில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். காரணத்தின் பெயர் அக்கா.

அதாவது என் நாத்தனார். அவர் மகனுக்கு என் மகளைக் கட்டுவது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். பையன் தங்கமான பையன், அதில் பேச்சில்லை. ஆனால் என் மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள், அவனைத் தம்பியாகத்தான் பார்க்க முடிகிறது, கல்யாணம் வேண்டாம் என்று. அவள் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதையும் தெளிவாகச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்பது அவள் வாப்பாவுக்கும் தெரியும். அதை அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல வேண்டியவர் அவர்.

அத்தனை மாடி உயரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மனுஷர், அக்காவின் குரல் கேட்டால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். உம்மா மௌத்தான பிறகு அவரை வளர்த்தது அக்காதான். அந்த நன்றி ஒரு பக்கம், அந்தக் காலத்தில் வாங்கிய அடி இன்னொரு பக்கம். இப்போதோ அக்கா தினமும் காலையில் போன் செய்கிறார். அது சரியாகத் திக்ரு நேரம். நான் எடுத்து, அவர் ஓதிக்கொண்டிருக்கிறார் என்பேன். அங்கே ஆனந்தம் தாங்காது. தம்பி பெரிய இறைநேசன், வலியுல்லா ஆகிவிட்டான், தொந்தரவு பண்ணாதே என்று எனக்கு உத்தரவு வரும். மாலையிலும் அதே கதை. அக்காவிடமிருந்து ஒளிய அவர் அக்காவே மெச்சும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

எங்களிடமிருந்தும்தான். மகள் பேச வந்தால் தஸ்பீஹ் மணிமாலை கைக்கு வரும். நான் பேச வந்தால் சத்தம் கூடும். திக்ரு ஓதுகிறவரிடம் போய் யார் சண்டை போடுவது? இரண்டு தோளிலும் மலக்குகள் நன்மை தீமையை எழுதிக்கொண்டல்லவா இருப்பார்கள்.

நீயே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். நான் சொன்னால் அது மகளின் மறுப்பு ஆகாது, தம்பி பெண்டாட்டியின் சூழ்ச்சி ஆகிவிடும். நியாயமான காரணம். நானும் அந்தக் காரணத்துக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனில் அக்கா விஷயத்தை முடித்தார். ஞாயிற்றுக்கிழமை மோதிரத்தோடு வருகிறார்களாம். "தம்பி இத்தனை நாளா ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம்தானே?" என்றார். நான் சோபாவைச் சுற்றிப் போய் அவர் எதிரில் நின்று சொன்னேன். உதடு ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக அசைந்தது. மகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். மோதிரம் விரலில் ஏறிவிட்டால் அப்புறம் கழற்றுவது குடும்பத்தையே இரண்டாக்குவதுதான், அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு நான் அவரை வெறுத்தேன்.

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு அவர் கண்ணை மூடியபோது, மகள் தொழுகைக்கு ஒளு செய்த ஈர முகத்தோடு வந்தாள். அவர் பக்கத்தில் இன்னொரு முஸல்லாவை விரித்து உட்கார்ந்தாள்.

"வாப்பா, நானும் இன்னிக்கிலேருந்து பழகிக்கிறேன். நீங்க ஓதுங்க, நான் கூடவே தமிழ்ல அர்த்தம் சொல்லிக்கிட்டு வர்றேன். புரிஞ்சு ஓதினா மறக்காதுன்னு சொல்றாங்க."

மகளைத் திக்ரு ஓத வேண்டாம் என்று எந்த வாப்பா சொல்ல முடியும்? அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஓத ஆரம்பித்தார், எக்ஸ்பிரஸ் வேகத்தில். அவள் மெதுவாக, கடையில் 'இந்த எழுத்து தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்கிற அதே பொறுமையோடு, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னாள். அவள் முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. ரயில் பாசஞ்சர் ஆனது.

பாதுகாவல் தேடும் துஆ வந்தது. அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு, நாக்கு தானாகப் போகும். அவள் சொன்னாள்.

"யா அல்லாஹ், கவலையிலேருந்தும் துக்கத்துலேருந்தும் உன்கிட்ட பாதுகாப்புத் தேடுறேன். இயலாமையிலேருந்தும் சோம்பல்லேருந்தும் உன்கிட்ட பாதுகாப்புத் தேடுறேன். கோழைத்தனத்துலேருந்தும்..."

அதற்கு மேல் அவள் குரல் வரவில்லை. நிறுத்த வேண்டும் என்று திட்டம் போட்டு நிறுத்தியதல்ல அது.

அவர் கண்ணைத் திறந்தார். "இதை நான் தினமும் ஓதுறேனா?"

"காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, வாப்பா."

கேலி இல்லை அவள் குரலில். இருந்திருந்தால் அவர் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். மணியை முஸல்லாவில் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது. வழக்கமான நேரம், வழக்கமான ஆள். நானும் வழக்கம்போல எழுந்து, வழக்கமான பதிலை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டு எடுக்கப் போனேன். அவர் கையை நீட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. போனைத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் கொடுத்தேன்.

"அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். நாளைக்கு வாங்க, சாப்பிட்டுப் போங்க. மோதிரம் வேணாம்."

அங்கே என்ன சொன்னார்கள் என்பது அடுப்படி வரைக்கும் கேட்டது. எனக்குக் கேட்டது ஏனென்றால், நான் அதற்குள் அடுப்படிக்கே போய்விட்டிருந்தேன். அடுத்து என் பெயர் வரும் என்று தெரியும். வந்தது. அவளிடம் கொடு போனை, அவள்தான் உன்னைக் கெடுத்தாள் என்றார் நாத்தனார். நான் பாத்திரத்தைக் கழுவுவதுபோல் குழாயைத் திறந்தேன். இத்தனை நாள் அவரைக் கோழை என்று மனதுக்குள் திட்டிய வீராங்கனை நான்.

"அவளை இழுக்காதீங்க. புள்ளைக்கு விருப்பம் இல்ல, அதனால எனக்கும் விருப்பம் இல்ல. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு சொல்லல. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

அக்கா திட்டினார். நீளமாகத் திட்டினார். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், கண்ணை மூடவில்லை. கடைசியில் அக்கா போனை வைத்துவிட்டார். நாளைக்குச் சாப்பிட வருவாரா, இனி எப்போதாவது வருவாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது. மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் குழாயை மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு மணியைக் கையில் எடுத்தார்.

"எங்கம்மா விட்டோம்?"

"கோழைத்தனம் முடிஞ்சிடுச்சு, வாப்பா. அடுத்தது கஞ்சத்தனம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்த இடம் அது. ஈரக் கையைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.