பூஜையில் வைத்த குரல்

குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்று டாக்டர் சொன்னபோது அதிதி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நான் பேசிப் பிழைத்தவன். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், எங்கிருந்தோ போனில் திட்டுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற வேலை. ஊரில் இத்தனை பேர் இருக்க, புற்றுநோய்க்கு என் தொண்டைதான் கிடைத்ததா என்று அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு கிடைத்த நாட்களில் மைக்கை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மகளுக்காகப் பேசினேன். பள்ளிக்கூடம் போகிற முதல் நாளுக்கு ஒன்று, பரீட்சையில் கோட்டை விட்டால் கேட்பதற்கு ஒன்று. எவனையாவது காதலித்தால் முதலில் அம்மாவிடம் சொல்லு, அப்பா கத்துவேன் என்று ஒன்று. அ, ஆ, இ, ஈ என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னது ஒன்று. என் மனைவி சௌம்யா தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கூப்பிடுவேனே, அது. "சௌமி, காபி" என்று மைக்கில் சொன்னேன். இதில் அதிகாரம் குறைகிறது, வழக்கம்போலச் சொல்லுங்கள் என்றாள். வழக்கம்போலச் சொன்னேன். அடுப்படிக்குப் போய் அழுதாள்.

வேறெதிலும் என் குரல் இல்லை. கம்பெனியில் பதிவாகிற பேச்சைச் சில மாதத்தில் அழித்துவிடுவார்கள். கல்யாண வீடியோவில் நாதஸ்வரம்தான் கேட்கும். நான் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். அதன் சத்தத்தைக் கேட்டு அதிதி வீறிட்டு அழுததிலிருந்து அது பீரோவில் கிடக்கிறது. எனக்குச் சிலேட்டும் சாக்பீஸும் போதும்.

சௌம்யாவின் தம்பி அஷ்வின்தான் பயமுறுத்தினான். அவனும் கம்ப்யூட்டர் வேலைக்காரன்.

"மாமா, இந்த மெஷின் புட்டுக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? சும்மா இதுலயே வெச்சிருக்கீங்களே!"

வெளியிலிருந்து செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினான். கொஞ்ச நாள் கழித்து, அது போதாது என்று இன்னொன்றும் வாங்கினான். "ஒண்ணு இங்க இருக்கட்டும், ஒண்ணு எங்க வீட்ல இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வெக்கவே கூடாது மாமா." அவன் லேப்டாப் கம்பெனியுடையது, அதில் சொந்த விஷயம் எதையும் ஏற்ற முடியாது. அதனால் அந்த இரண்டாவது டிஸ்க் அவன் பீரோவில், சட்டைகளுக்கு நடுவில் இருந்தது. மாதா மாதம் எடுத்து வருவான். அதிதியின் புதுப் படங்களை ஏற்றிவிட்டு, திரும்ப வைட்ஃபீல்டில் இருக்கிற தன் வீட்டுக்கே கொண்டுபோவான்.

அதிதிக்கு எதையும் போட்டுக் காட்டவில்லை. விவரம் தெரியட்டும் என்றாள் சௌம்யா. உண்மையில் எங்கள் இருவருக்கும் கேட்கத் தைரியமில்லை. அவளுக்கு மூன்று வயதான வருஷம் விஜயதசமிக்கு அவளை அரிசியில் எழுத வைப்பது என்று முடிவானது. கை பிடிப்பது நான். அ என்று சொல்வதும் நான், கம்ப்யூட்டரிலிருந்து. வாழ்க்கையில் எதற்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. சௌம்யா தம்பிக்குப் போன் போட்டு அந்த டிஸ்க்கையும் கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"ஏங்க, சுத்தியலுக்கும் ஸ்கூட்டருக்கும்கூட பொட்டு வெக்கறோம். உங்க குரலுக்கு வெக்க வேணாமா?"

எழுதியிருந்ததை அழித்துவிட்டேன்.

கம்ப்யூட்டரை மேஜையிலிருந்து இறக்கி, தரையில் மணைபோட்டு வைத்தாள். அதன் பக்கத்தில் இரண்டு டிஸ்க், அரிவாள்மணை, என் ஸ்பேனர் செட். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து முடிந்ததும் அஷ்வின் டிஸ்க்குக்குக் கை நீட்டினான்.

"டேய், பூஜைல வெச்சதை இன்னிக்கே எடுக்கக் கூடாதுடா. நாளைக்கு புனர்பூஜை ஆகட்டும்."

"அக்கா, அது இங்க இருக்கக் கூடாதுன்னுதானே..."

"ஒரு நாள்ல என்னடா ஆயிடப்போவுது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் என் மனைவியைப் பார்த்தேன். குங்குமம் ஒட்டின விரலோடு அவ்வளவு சந்தோஷமாக நின்றிருந்தாள்.

மத்தியானம் ஆஸ்டின் டவுனில் அன்னம்மாள் அத்தை வீட்டுக் கொலுவுக்குப் போனோம். சுண்டல் கைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையைப் பெங்களூரில் நான் பார்த்ததில்லை. ஆட்டோ வரவில்லை, பஸ் நகரவில்லை. அல்சூரில் எங்கள் சந்து பள்ளம், எங்கள் வீடு அதைவிடப் பள்ளம். இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் கோவிந்தப்பா மாடிப்படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் மாடோது சார், என்ன பண்றது? சாக்கடை மோரியெல்லாம் ரொம்பி உள்ள வந்துடுச்சு."

கதவைத் திறந்தால் முழங்கால் வரை சாக்கடை. சாமந்திப்பூக்கள் மிதந்தன. மேஜை காலியாக, காய்ந்துபோய், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நின்றது. அந்த மேஜையை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியவில்லை.

கையை விட்டுத் துழாவி மூன்றையும் எடுத்தோம். துடைத்தோம். மாடிக்குக் கொண்டுபோய், முடி உலர்த்துகிற மெஷினால் சௌம்யா விடாமல் காற்றடித்தாள். பொறுக்க முடியாமல் ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். கடக், கடக் என்று சத்தம் வந்தது. போனில் விஷயத்தைக் கேட்ட அஷ்வின், "ஐயோ, ஆன் பண்ணாதீங்க" என்று கத்தினான். அதற்குள் எல்லாம் ஆகியிருந்தது. பிறகு அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. உள்ளே சேறு போய், சுற்றும்போது தட்டு முழுக்கக் கீறிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்.

திட்டவேண்டும் போலிருந்தது. அவளை, அவள் சாமியை, மழையை, கார்ப்பரேஷனை. வாய் இருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சாக்பீஸ் உடைய உடைய, 'ஏன் எடுத்து வரச் சொன்னாய்' என்று பெரிது பெரிதாக எழுதினேன். அவள் படித்தாள். "என்னை அடிச்சிடுங்க, எழுதாதீங்க" என்றாள். அவளுக்கும் அந்தக் காபி போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலேட்டைக் கீழே வைத்தேன்.

விஜயதசமியன்று மாடியில் வைத்து அதிதியை அரிசியில் எழுத வைத்தோம். அ என்று அஷ்வின் சொன்னான். நான் கையை மட்டும் பிடித்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சௌம்யா கடைக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. நான் எடுப்பதில்லை, எடுத்து என்ன செய்ய? அதிதி ஓடிப்போய் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிவிட்டாள்.

"ஹலோ, டொமினிக் இருக்காரா?"

தப்பு நம்பர். கனமான, கொஞ்சம் கரகரத்த, நல்ல ஆம்பளைக் குரல். எனக்கு அப்படி இருந்ததில்லை. என்னுடையது மெலிசு, காலேஜில் அதற்காகவே கிண்டல் பண்ணுவார்கள்.

அதிதி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "அப்பா, உன் குரல் இப்படித்தான் இருந்துச்சா?"

இல்லை என்று தலையசைத்தால், பிறகு எப்படி என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இனி எப்போதும் இருக்காது.

"ஹலோ, யாரு? பேசுங்க சார், ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றது போன்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அதிதி போனருகே காதை வைத்து, அவன் வைக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.