மரம் ஊறிய பதினாறு நாள்

பிலிப்பர் உடுவிலில் அந்த வீட்டுக்குக் காவலாக வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குருநகர்க் கடலில் முப்பத்தைந்து வருடம் தொழில் செய்த மனிதர். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் வள்ளமும் வீடும் ஒரே கிழமையில் எரிந்துபோயின. மனைவி சிசிலியா அதற்கு முந்தியே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. பங்குச் சுவாமியார் சொல்லித்தான் குணலட்சுமி ரீச்சர் வீட்டுத் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, இருதய வருத்தக்காரரான கணவர் அருளம்பலத்தாரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

கடலில் நின்ற மனிதனைக் கொண்டுபோய் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருத்தினால் அவன் என்னதான் செய்வான்? முற்றம் கூட்டினார். வாழைக்குத் தண்ணீர் விட்டார். அயலவர்கள் நல்ல சனம்தான், ஆனால் அவர்கள் கதைப்பது புகையிலையும் மிளகாயும். இவருக்குத் தெரிந்தது காற்றும் நீரோட்டமும். இரண்டாம் மாதத்திலேயே இரு பக்கமும் கதை முடிந்துபோனது. சில நாட்களில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அவர் வாயே திறப்பதில்லை.

நடு விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அருளம்பலத்தார் ஆசையாக வளர்த்த மீன்கள். மின்சாரம் நின்று காற்றடிக்கும் மோட்டாரும் நின்றபோது பொன்மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. மிஞ்சியவை இரண்டு கௌராமிகள். அவை தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும் சாதி. மீன் பிடித்துத் தின்ற பிலிப்பருக்கு முதலில் இது பெரிய பகிடியாக இருந்தது. விரல் நீளம் இல்லை, குழம்புக்கும் ஆகாது, இதற்கு ஒரு கண்ணாடி மாளிகையா என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் அந்த மீன்களால்தான் அவருக்குக் கடிதம் வந்தது. செஞ்சிலுவைக் கப்பலில் ஏறி, மாதம் ஒன்றோ இரண்டோ, ரீச்சரின் முத்து முத்தான எழுத்தில். மீன் இரை எடுக்கிறதா, நிறம் மங்கவில்லையே, தண்ணீர் மாற்றினீர்களா. இரண்டு பக்கமும் மீன்தான். கடைசி வரியில், கதவைக் கவனமாகப் பூட்டிப் படுக்கச் சொல்லியிருப்பார். உலகத்தில் பிலிப்பரின் பெயரை உறையில் எழுத வேறொருவரும் இல்லை. மீன் இருக்கும்வரைதான் கடிதம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த இரண்டையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்.

ஆவணியில் வந்த கடிதத்தில் ஒரு வேலை இருந்தது. பெரிய மீன் சின்னதைத் துரத்துகிறது என்று பிலிப்பர் எழுதியிருந்தார். அதற்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், கரையொதுங்கிய மரத்துண்டு ஒன்றைப் பதப்படுத்தித் தொட்டிக்குள் வையுங்கள் என்று ரீச்சர் எழுதினார். உடைந்த வள்ளத்தின் பலகை வேண்டாம், அதில் தாரும் பெயின்றும் செப்பு ஆணியும் இருக்கும், மீனுக்கு நஞ்சு. உக்கிய மரமும் வேண்டாம். சவர்க்காரம் படக்கூடாது. அவித்து, உப்பும் சாயமும் போகும்வரை நல்ல தண்ணீரில் ஊறவிட வேண்டும். எனக்கே மரம் படிப்பிக்கிறார் பார் என்று பிலிப்பர் முணுமுணுத்தார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

அடுத்த நாளே சைக்கிளை மிதித்துக் குருநகருக்குப் போனார். பழைய கூட்டாளி யாகப்பு கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கடலில் தடை இருந்ததால் தொழிலுக்குப் போக முடியாவிட்டாலும் பொத்துவதை விடவில்லை. இரண்டு பேருமாகக் கரை நீளத்துக்கு நடந்து, முடங்கி நெளிந்த கண்டல் மர வேர் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஆணி இல்லை, தார் மணம் இல்லை, நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழவில்லை. எதற்கு என்று யாகப்பு கேட்டார். மீனுக்கு வீடு கட்ட என்றார் பிலிப்பர். அன்று இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

வேரைத் தும்பால் தேய்த்துக் கழுவி, கழன்ற பட்டையைக் கத்தியால் சுரண்டினார். வளவில் விழுந்த பனைமட்டையெல்லாம் பொறுக்கி அடுப்பு மூட்டி, கிடாரத்தில் போட்டு, புரட்டிப் புரட்டி மூன்று மணித்தியாலம் அவித்தார். சோறு சமைக்கவே விறகில்லாத காலத்தில் மரத்தை மரத்தால் அவிக்கும் மனிதரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த சின்னத்தங்கம், கடல்காரருக்குத் தலையில் ஏதோ தட்டிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். தண்ணீர் சாயத் தேநீர் நிறத்துக்கு வந்தது.

பிறகு சீமெந்துத் தொட்டியில் கல் கட்டித் தாழ்த்தி ஊறவைத்தார். தினமும் காலையில் பழைய தண்ணீரில் விரல் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரிக்கும். ஊற்றிவிட்டு, கிணற்றில் அள்ளிப் புதிதாக நிரப்புவார். ஒன்பதாம் நாள் உப்புப் போனது. பதினாறாம் நாள் சாயமும் போனது. கல்லை அவிழ்த்துவிட்டார். வேர் மிதக்காமல் அடியிலேயே கிடந்தது. படகு எரிந்த நாளுக்குப் பிறகு, காலையில் எழும்ப ஒரு காரணம் இருந்த பதினாறு நாட்கள் அவை. இனி நாளைக்கு என்ன செய்வது என்று அவருக்குக் கவலைகூட வந்தது.

அன்று வேரைத் துடைத்து வெயிலில் வைத்தார். காய்ந்த மரம் கைக்கு இதமாக இருந்தது. மரம் தண்ணீரில் இறங்கப்போகிறது என்றால் அதற்கு முன் சுறா எண்ணெய் பூச வேண்டும். குருநகரில் அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. எண்ணெய் தின்னாத மரம் கடலில் நிலைக்காது. சண்டைக்குள் ஓடிவந்தபோது அவர் கையில் எடுத்துவந்த நாலைந்து சாமான்களில் ஒரு போத்தல் சுறா எண்ணெயும் இருந்தது. படகில்லாதவருக்கு எதற்கு அது என்று யாரும் கேட்கவில்லை. சீலைத்துண்டில் தோய்த்து, இடுக்கெல்லாம் ஏறும்படி மூன்று தரம் பூசினார். சிலுவை அடையாளம் போட்டார். பின்னேரம் தொட்டிக்குள் இறக்கினார். சின்ன மீன் உடனே போய் வேருக்கடியில் புகுந்துகொண்டது. பிலிப்பர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் தண்ணீருக்கு மேலே எண்ணெய் ஆடையாகப் படர்ந்திருந்தது. காற்றுக் குடிக்க மேலே வந்த பெரிய மீன் அந்த ஆடைக்குக் கீழே பக்கம் சரிந்து கிடந்தது. ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிற்று. பதைபதைத்துத் தண்ணீரை அள்ளினார், சின்னதைப் பானைக்கு மாற்றினார், கிணற்றுக்கும் விறாந்தைக்குமாக ஓடினார். மத்தியானம் அதுவும் போய்விட்டது. சிசிலியா செத்த அன்றுகூட நாலு பேர் முன்னால் அழாமல் நின்றவர், வெறும் விறாந்தையில் இருந்து விம்மினார். தாரையும் ஆணியையும் எழுதிய ரீச்சர் சுறா எண்ணெயை எழுதவில்லை. ஒரு மனிதன் அப்படிச் செய்வான் என்று அவர் எப்படி நினைப்பார்?

மூன்றாம் நாள் தபால்காரர் முருகேசு வந்தபோது பிலிப்பர் நடந்ததைச் சொன்னார். முருகேசு படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஆறுதல் சொன்னார்.

"சுகமெண்டு எழுதிவிடுங்கோ அண்ணை. மீனுக்கு ஆர் மரணப்பத்திரம் கேக்கப்போகினம்?"

பிலிப்பர் அப்படியே எழுதினார். இரண்டும் வேருக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடுகின்றன என்று எழுதினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது, இதுவரை வராத அளவுக்கு நாலு பக்கம். எது முதலில் உள்ளே போகிறது, வெயில் படும்போது என்ன நிறம், வேரில் பாசி பிடிக்கிறதா? அந்தச் சந்தோசத்தை வாசிக்க அவரால் முடியவில்லை. அன்றே உட்கார்ந்து உண்மையை எழுதினார். மீன் இரண்டும் செத்துப்போச்சு ரீச்சர், கொன்றது நான்தான், என்னை மன்னியுங்கோ என்று. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, இனி வராது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார். முருகேசுவின் மணிச் சத்தம் கேட்டால் வளவின் பின்பக்கம் போய்விடுவார்.

ஏழு கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. அரைப் பக்கம்தான்.

"பிலிப்பண்ணை, இரண்டு நாள் உங்களோடை கோபமாத்தான் இருந்தன். மீன் போனது இவருக்குத் தெரியாது. இவருக்கு இப்ப எழும்பி நடக்க ஏலாது. உங்கடை முந்தின கடிதத்தைத் தினமும் என்னைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சிரிக்கிறார். வேறை ஒண்டுக்கும் சிரிக்கிறேல்லை. மீன் இருக்கிற மாதிரியே எழுதுங்கோ. கெதியாய் எழுதுங்கோ. கதவைக் கவனமாய்ப் பூட்டிப் படுங்கோ."

அவர் வேண்டிநின்றது கிடைத்துவிட்டது. கடிதம் நிற்காது. இரண்டு தரம் வாசித்தார். பிறகு தொட்டியைச் சுத்தமாகக் கழுவினார். வேரை மறுபடி அவித்து, எண்ணெய் மணம் அறும்வரை அடுப்பில் வைத்திருந்தார். புதுத் தண்ணீர் நிரப்பி அதை உள்ளே வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, எதிரே இருந்து எழுதத் தொடங்கினார்.

இன்றைக்குப் பெரியதைத்தான் கண்டேன் ஐயா, சின்னது வேருக்கடியை விட்டு வரமாட்டன் என்கிறது. வெயில் கண்ணாடியில் படுகிறது, இப்போதுதான் மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போகிறது. மூன்று பக்கம் வந்தது. எங்கும் கை நிற்கவில்லை.

கடைசியில், எல்லோரும் எழுதுவதைப் போல, நானும் சுகம் என்று எழுதினார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கடிதத்துக்கு ஒரு பொய் போதும் என்று அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு உறையை ஒட்டினார்.